தட்டில் வளரும் மரத்துக்கு நோய் வந்தால்

(வீட்டுத் தோட்ட ஆர்வலர்கள் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 மரத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு வந்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று. பேச்சு முடிந்ததும் அந்தத் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம், பொறுத்திருங்கள்.

2019 ஜனவரியில் ஜப்பானின் சைத்தாமா பகுதியில் ஒரு போன்சாய்த் தோட்டத்தில் திருட்டு நடந்தது. ஏழு மரங்கள் களவு போயின. அவற்றில் ஒன்று ஷிம்பாக்கு என்னும் ஜூனிப்பர். வயது 400. அது மட்டுமே ஒரு கோடி யென்னுக்கு மேல் மதிப்புள்ளது. தோட்டத்தை நடத்தி வந்த தம்பதியின் வேண்டுகோள் உலகம் முழுவதும் செய்தியாகப் போயிற்று. திருடியவர் யாராக இருந்தாலும் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நானூறு வருஷம் வாழ்ந்த மரம், ஒரு வாரம் தண்ணீர் இல்லாமல் போனால் தாங்காது என்றார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து போன்சாய் பற்றி எங்கே பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். தரையில் நிற்கும் ஆலமரம் தாகம் எடுத்தால் வேரை இன்னும் ஆழத்துக்கு அனுப்பும், பக்கத்து வீட்டுக் கிணறுவரை போகும். தட்டில் நிற்கும் ஆலுக்கு அந்த வழி கிடையாது. அதன் மழை, நிலம், நிழல் எல்லாம் அதை வைத்திருக்கிறவர்தான். அது நோயில் விழுந்தால் பெரும்பாலும் காரணம் நம் பழக்கத்தில் இருக்கும். இதை யாரையும் குற்றம் சாட்டச் சொல்லவில்லை. நம் பழக்கத்தால் வந்த நோய் என்றால் நம் கையாலேயே தீரவும் கூடும் என்பதால் சொல்கிறேன்.

நம் ஊரில் போன்சாயைப் பற்றி ஆழமாக வேரூன்றிய ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பட்டினி போட்டுத்தான் மரத்தைக் குள்ளமாக்குகிறார்கள் என்பது அது. மேடையில் பேசுகிறவர்களும் அடக்கி ஒடுக்கப்பட்ட எதையும் ‘போன்சாய் ஆக்கிவிட்டார்கள்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இதை வெறும் பேச்சு என்று விட்டுவிட முடியவில்லை. இந்த எண்ணத்தால்தான் வீடுகளில் மரங்கள் சாகின்றன. உரம் போட்டால் பெரிதாகிவிடும் என்று போடாமல் விடுகிறார்கள். தண்ணீரை அளந்து, தயங்கித் தயங்கி ஊற்றுகிறார்கள். மரம் சிறிதாக இருப்பதற்குக் காரணம் கத்தரிக்கோல். தளிரையும் வேரையும் காலம் பார்த்துக் கத்தரிப்பதால் அது சிறிதாக இருக்கிறது. மற்றபடி வளரும் பருவத்தில் தொட்டி மரம் நன்றாகவே சாப்பிட வேண்டும். பட்டினி கிடக்கிற மரம் நூற்றாண்டு கடக்காது. வாஷிங்டனிலுள்ள அமெரிக்கத் தேசிய மரத்தோட்டத்தில் ஓர் ஐந்தூசிப் பைன் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வளர்வது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்திலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீட்டரில், யமாக்கி குடும்பத்தாரின் தோட்டத்தில் மதிலுக்குப் பின்னால் நின்று தப்பித்தது. 1976-ல் ஜப்பான் அமெரிக்காவுக்குக் கொடுத்த 53 மரங்களில் அதுவும் ஒன்று. தலைமுறை தலைமுறையாக ஊட்டி வளர்த்த மரம் அது.

சரி, நோய்க்கு வருவோம். ஜப்பானிய மரங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நம் ஊரில் அதிகம் நோயில் விழுவது எது? நர்சரிக்காரர்கள் ‘ஃபைகஸ்’ என்று சொல்லி விற்கும் இச்சி வகை. அடிவேர் கிழங்கு மாதிரி பருத்து, மேலே பளபளவென்று இலை கட்டி, பீங்கான் தொட்டியில் பரிசாக வருமே, அதுதான். புது வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஓய்வு பெறுகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அதை வைத்தே முழுக்கப் பேசுகிறேன். ஆல், அரசு, அத்தி எல்லாம் அதன் உறவினர்கள் என்பதால் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

பரிசு வந்து இரண்டு மூன்று வாரத்தில் இலை கொட்டும். உடனே போன் வரும். இதில் பாதி நோயே இல்லை. இந்த வகை மரங்கள் இடம் மாறினால் இலை உதிர்த்துவிட்டுப் புது வெளிச்சத்துக்கு ஏற்பப் புது இலை விடும். அரசு மரம் மாசி, பங்குனியில் இலை உதிர்ப்பதும் அதன் இயல்பு. தொட்டியில் இருந்தாலும் அது மாசியை மறப்பதில்லை. ஆகவே எதையும் கையில் எடுக்கும் முன்னால் ஒரு மெல்லிய கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே ஈரமாகப் பச்சை தெரிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. காய்ந்து பழுப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டுங்கள். நுனியிலிருந்து அடிமரம் நோக்கி இறங்கி வரவேண்டும். பச்சை எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து கீழே மரம் உங்களுடையது. இச்சியும் ஆலும் முற்றிய கட்டையிலிருந்தே தளிர்க்கக் கூடியவை. கிளை முழுக்கப் போய் அடிமரம் மட்டும் பச்சையாக இருந்தாலும் நம்பிக்கையை விடாதீர்கள்.

ஜூனிப்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது செத்த பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பச்சை முழுதும் போன கிளையிலிருந்து அது மறுபடி துளிர்ப்பதும் இல்லை. குளிர்காலம் என்ற ஒன்று அதற்கு வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வளர்க்கலாம். சென்னையிலும் மதுரையிலும் இருப்பவர்கள் அதை வாங்காமல் இருப்பதே அந்த மரத்துக்குச் செய்யும் உதவி என்பது என் உறுதியான கருத்து.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். இலை வாடித் தொங்குகிறது. தண்ணீர் போதவில்லையா, அதிகமாகிவிட்டதா? இரண்டுக்கும் மேலே தெரியும் அடையாளம் ஒன்றுதான். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மண் நாள் கணக்கில் சொதசொதவென்று இருந்தால் இடுக்குகளில் காற்று இருக்காது. வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. சுற்றிலும் ஈரம், மேலே இலைக்குத் தாகம். வாடுவதைப் பார்த்து வீட்டுக்காரர் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறார். நான் பார்த்த வரையில் வீட்டு போன்சாய்கள் இறப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. வாடினால் தண்ணீர் ஊற்றுவதுதானே எந்த நல்ல மனசும் செய்யும்?

கண்டுபிடிக்க ஒரு வழி. எரிந்து முடிந்த ஊதுவத்தியின் மூங்கில் குச்சியைக் கழுவித் துடைத்து மண்ணுக்குள் அடிவரை செருகிப் பத்து நிமிஷம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் எந்த ஆழத்தில் எவ்வளவு ஈரம் என்று குச்சியிலேயே தெரியும். மேல்மண் காய்ந்து அடிமண் சேறாக இருப்பது மிகச் சாதாரணம். கூடவே மோந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். இலையும் கொஞ்சம் சொல்லும். ஈரம் மிகுந்தால் இலை மஞ்சளாகிப் பொலபொலவென்று உதிரும், சில சமயம் பச்சையாகவே உதிரும். காய்ந்து போனால் இலை மொறுமொறுத்துக் கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

காய்ந்த மரத்துக்கு வைத்தியம் எளிது. ஒரேயடியாகக் காய்ந்த மண் தண்ணீரை ஏற்காது. ஊற்றினால் ஓரமாக வழிந்து கீழே போய்விடும், நாமும் ஊற்றியாயிற்று என்று நினைத்துக்கொள்வோம். தொட்டியோடு ஒரு வாளித் தண்ணீரில் மண்மட்டம் மூழ்கும்படி வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுத்து, நன்றாக வடியவிட்டு நிழலில் வையுங்கள்.

அழுகல்தான் கஷ்டம். அதைச் சொல்லும் முன்னால் மேசையில் இருக்கும் இந்த ஸ்பாஞ்சைப் பாருங்கள். தண்ணீரில் முக்கிப் படுக்கைவாட்டில் பிடிக்கிறேன். சொட்டுகிறது, சொட்டுகிறது, நின்றுவிட்டது. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. இப்போது அதையே செங்குத்தாகத் திருப்புகிறேன். பாருங்கள், மறுபடி கொட்டுகிறது. ஸ்பாஞ்சு அதேதான். உயரம் கூடியதும் தண்ணீர் இறங்குகிறது. எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மண் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், விடாது. ஓரடி உயரத் தொட்டியில் அது அடியில் ஓர் ஓரம். இரண்டு அங்குலத் தட்டில் அதுவே முக்கால் பங்கு. தட்டைத் தொட்டியில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். தோட்ட மண் நிரப்பிய தட்டைத் தொட்டி சேறாகிவிடும் என்பதற்கும் அதே அளவு பயப்பட வேண்டும். அடியில் ஓட்டுச்சில்லும் ஜல்லியும் பரப்பினால் வடியும் என்று நம்புகிறோமே, அதுவும் உதவாது. ஈரப் பட்டை அந்தச் சில்லுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு மிஞ்சும் இடம்தான் குறையும். துளையில் ஒரு துண்டு நைலான் வலை போதும்.

ஜப்பானில் அகதாமா என்று சுட்டது போல் உறுதியான செம்மண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் செங்கல் இருக்கிறது. நன்றாக வெந்த செங்கலை உடைத்துச் சலித்து, 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளை மட்டும் எடுத்து, தூள் போகக் கழுவ வேண்டும். வேகாத செங்கல் கரைந்து சேறாகும், கவனம். அதோடு பருமணல் கொஞ்சம், இலைமட்கு கொஞ்சம். நோயுற்ற மரத்துக்கு மட்கையும் தவிர்த்துவிடலாம். எம்-சாண்டை அப்படியே போடாதீர்கள், அதன் தூள் இறுகிவிடும். தென்னை நார்த்தூளில் மட்டும் வளர்த்து விற்கப்படும் மரங்களை வாங்கிய பருவத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

இனி, அழுகல் கண்ட மரத்தை வெளியே எடுக்கலாம். பருவம் பார்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நலமாக இருக்கும் இச்சிக்குத் தொட்டி மாற்ற மாசி, பங்குனி நல்லது, ஆடியிலும் செய்யலாம், அக்கினி நட்சத்திரத்தில் கூடாது. ஆனால் வேர் அழுகும்போது பஞ்சாங்கம் பார்க்க நேரமில்லை. தொட்டியின் ஓரத்தில் கத்தியைச் சுற்றிவிட்டு, தலையைப் பிடித்து இழுக்காமல், அடிமரத்தைப் பிடித்து எடுங்கள். தண்ணீரை மெதுவாக விட்டு மண்ணைக் கழுவுங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நுனி வெள்ளையாக இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் உருவினால் தோல் கழன்று வரும். கறுத்ததையெல்லாம், வெட்டுமுகம் வெளுப்பாகத் தெரியும்வரை வெட்டுங்கள். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்துத் துடைத்து வெட்டுங்கள். பால் வடியும், பயப்பட வேண்டாம். இந்த இடத்தில் இரக்கம் காட்டக் கூடாது. விட்டுவைத்த ஒரு விரற்கடை அழுகல் மறுபடி பரவும்.

நல்ல வேர் எவ்வளவு மிஞ்சியதோ அதற்கேற்ற தொட்டி எடுங்கள். அழகான தட்டை இப்போது கழுவிப் பரணில் வைத்துவிடுங்கள். அடியில் பல துளையிட்ட சாதாரண பிளாஸ்டிக் கூடை போதும், கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். ஸ்பாஞ்சு சொன்ன பாடம் அதுதான். மரத்தைக் கம்பியால் தொட்டியோடு அசையாமல் கட்ட வேண்டும். புது வேரின் நுனி நூலைவிட மெல்லியது. காற்றில் மரம் ஒவ்வொரு தடவை ஆடும்போதும் அவை அறுந்து போகும். பல மரங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் பிழைக்காமல் போவது இந்த ஒரு கட்டு இல்லாததால்தான். பிறகு தெளிந்த நீர் வரும்வரை ஒரு முறை ஊற்றி, வெளிச்சம் இருந்து வெயில் படாத இடத்தில் வைத்து, மேலே ஒரு பெரிய பாலித்தீன் பையைத் தளர்வாக, இரண்டு மூன்று துளையிட்டு மூடுங்கள். வேர் கொடுக்க முடியாத ஈரத்தைக் காற்று கொடுக்கும்.

மிஞ்சிய இலைகளைக் கழிக்கச் சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. நல்ல இலை ஒவ்வொன்றும் புது வேருக்குச் சமைத்துப் போடுகிறது. காய்ந்ததை மட்டும் எடுங்கள். வடிவம் கொடுப்பது, கம்பி சுற்றுவது, நுனி கிள்ளுவது எல்லாம் அடுத்த வருஷத்து வேலை. ஏற்கெனவே சுற்றிய கம்பி பட்டைக்குள் பதிந்திருந்தால் சுழற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள்.

இதற்குப் பிறகுதான் மனிதர்களால் தாங்க முடியாத காலம் வருகிறது. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டிய காலம். நாலு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். இந்தக் காலத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியர்கள். டீத்தூள் போடு, மோர் ஊற்று, முட்டையோடு போடு, ஒரு ஸ்பூன் யூரியா கரைத்து ஊற்று என்பார்கள். உரம் என்பது உப்பு. காயம்பட்ட வேரைச் சுற்றி உப்பு கூடினால் வேருக்குள் இருக்கும் தண்ணீரும் வெளியே இழுக்கப்படும். புது இலை விரிந்து முற்றும்வரை உரம் வேண்டவே வேண்டாம். அதன்பின் மண்புழு உரம் ஊறிய தெளிவு நீரைப் பாதி பலத்தில் கொடுத்துத் தொடங்கலாம். தினமும் தொட்டியிலிருந்து தூக்கி வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். குச்சியைச் செருகி ஈரம் பாருங்கள், கேட்டால் தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவே. ஜப்பானியத் தோட்டங்களில் தண்ணீர் ஊற்றக் கற்கவே மூன்று வருஷம் என்று சொல்வதுண்டு. நேரம் பார்த்து ஊற்றாமல் மரம் பார்த்து ஊற்றப் பழக அத்தனை காலம் ஆகிறது.

தண்ணீரின் குணத்தையும் சொல்ல வேண்டும், நம் ஊரில் இது தனிப் பிரச்சினை. தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளையாகப் படிந்தால் அது போர்வெல் தண்ணீரின் உப்பு. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், மண் காரமாகி மரத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். நல்ல எண்ணத்தோடு பலர் செய்யும் ஒரு காரியம், ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவது. அந்தத் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கிறது. தட்டில் இருக்கும் ஒரு பிடி மண் அதைத் தாங்காது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, அதைப் பிடித்து வைக்கலாம். மழைநீருக்கு இணை எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிகளை வெளியே வைத்து, தேங்கிய உப்பு முழுதும் கழுவிப் போகும்படி விடுங்கள். துளை அடைபடாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பூச்சியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மாவுப்பூச்சி, செதில் பூச்சி, இலையை மடித்துக்கொண்டு உள்ளே குடியிருக்கும் இலைப்பேன், எல்லாமே பலவீனமான மரத்தைத்தான் அதிகம் படுத்தும். எறும்பு ஏறினால் எங்கோ மாவுப்பூச்சி இருக்கிறது என்று தேடுங்கள், எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. மடிந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

வெளிச்சம். இதில் நாம் மிகவும் அசட்டையாக இருக்கிறோம். போன்சாய் வரவேற்பறைப் பொருள் இல்லை. 1923-ல் தோக்கியோவை நொறுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் சிலர் 1925-ல் ஓமியாவுக்குப் போய் ஒரு கிராமமே அமைத்தார்கள். அங்கே குடியேற நிபந்தனை இருந்தது. குறைந்தது பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும். வாசல் யாருக்கும் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக் கூடாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலி போட வேண்டும். கடைசி இரண்டு விதிகளைப் படிக்கும்போது எனக்குத் தெரிவது வெயிலும் காற்றும்தான். மரத்துக்காகத் தங்கள் வீட்டின் உயரத்தைக் குறைத்துக்கொண்ட மனிதர்கள். நம்மால் ஒரு பால்கனி ஓரத்தையாவது ஒதுக்க முடியாதா? கிழக்கு வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் இச்சி நன்றாக இருக்கும். தேறிவரும் மரத்தை ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாமல், பையின் துளைகளை வாரம் வாரம் பெரிதாக்கி, பிறகு பையை எடுத்து, பிறகு காலை வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். மொட்டைமாடியில் வைப்பவர்கள் சித்திரை, வைகாசியில் தளத்தின்மேல் நேரடியாக வைக்க வேண்டாம். அந்தச் சூடு தட்டுக்குள் ஏறி வேரை வேகவைத்துவிடும். மரப்பலகையின்மேல், பாதி வெயிலை வடிக்கும் பச்சை நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

இத்தனையும் செய்தும் சில மரங்கள் போகும். அடிமரம்வரை சுரண்டியும் பச்சை இல்லையென்றால் போய்விட்டது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால் அழுகல் என்று தெரிந்த அன்றே இன்னொரு காரியமும் செய்துவிடுங்கள். உயிரோடு இருக்கும் கிளைகளில் பென்சில் கனத்தில் இரண்டு மூன்றை வெட்டி, பாலைக் கழுவி, ஈரமான பருமணலில் நட்டு நிழலில் வையுங்கள். இச்சியும் ஆலும் போத்திலிருந்து நன்றாக வரும். தாய்மரம் பிழைத்தால் மகிழ்ச்சி. பிழைக்காவிட்டாலும் அதே மரம்தான் அந்தப் போத்தில் தொடர்கிறது. வாஸ்துவுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மரத்தைத் தெருமுனையில் வைத்துவிட நினைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைப்பதற்கு முன்னால் இங்கே கொண்டு வாருங்கள், எடுத்துக்கொள்ள இந்த அவையிலேயே கை நீளும்.

முன்வரிசையில் அம்மா மடியில் வைத்திருக்கும் தொட்டியிலிருந்து தொடங்கலாம். மேலே பாசி படிந்திருக்கிறது, அடியில் துளை ஒன்றே ஒன்று இருக்கிறது, அதிலும் வேர் வந்து அடைத்திருக்கிறது. யாராவது அந்த வாளியையும் கத்தரிக்கோலையும் இப்படி நகர்த்துங்கள். அம்மா, நீங்களே வந்து பட்டையைச் சுரண்டுங்கள்.